காற்றறையைப் பற்றி யார் பேசினார்கள்?

நான் தோற்ற ஒரு பிற்பகலைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. அன்று என்னை வீழ்த்தியது என் குறை அன்று, என் பயிற்சி. ஆறாம் வகுப்பில், ஒலிவாங்கி எட்டாமல் மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசிய நாள் முதல் நான் கைவிடாத விதி ஒன்று உண்டு. எதிரணியின் வலிமையான கேள்வியை அவர்கள் கேட்கும் முன்னே நானே எடுத்துச் சொல்லி, நானே உடைத்துவிடுவேன். கேள்வி வரட்டும் என்று காத்திருப்பவர் பதில் மட்டுமே சொல்ல முடியும். முந்திக்கொள்பவர்தான் அவையை ஆள்கிறார். இதை இன்றும் நம்புகிறேன்.

அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் தமிழ் பேசும் மாணவர்கள் கலந்துகொள்ளும் சொற்போரில் எங்கள் அணிக்கு நான்கு பேர். வலியசாலையிலிருந்து வரும் நான். அப்பாவின் துறைமுக வேலைக்காக மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து விழிஞ்ஞத்துக்குக் குடிவந்த தோழி. வித்துராவிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும், எதையாவது செய்துகொண்டே இருக்கும் ஒருவன். பாறசாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீட்டின் பிள்ளை ஒருவன். மூன்று ஆண்டுகளாக நான்காவதாக எழுந்து தொகுப்புரை வழங்கி வந்தவள் நான். எங்கள் அணியில் தொகுப்புரை என்றாலே என் பெயர்தான்.

அந்த ஆண்டின் தலைப்பு விசித்திரமானது. 'வேற்றுக்கோளோடு போர் மூண்டால், நம் வீரர்களுக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைக் காட்டிக்கொடுப்பது அறிவா, நம்பிக்கையா?' சீட்டுக் குலுக்கலில் எங்களுக்கு 'அறிவே' என்ற பக்கம் விழுந்தது. விழுந்த பக்கத்துக்காக உயிரைக் கொடுத்துப் பேசுவதுதான் எங்கள் தொழில். நாங்கள் எதை நம்புகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

போட்டிக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு முடிந்த காலி அறையில் ஒத்திகைக்குக் கூடினோம். விழிஞ்ஞத்துத் தோழி பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"எடீ, இந்தத் தடவ தொகுப்புரைய எனக்குத் தரலாமா?"

"ஏன், ரெண்டாவது எடத்துக்கு என்ன கொறைச்சல்?"

"ரெண்டாவது ஆள் எந்திரிக்கும்போதுதான் சபை மொத்தமும் சாயா குடிக்கப் போவுது. மூணு வருஷமா நான் காலி நாற்காலிகிட்ட பேசிட்டிருக்கேன், அறியுமோ? இதுதான் நமக்குக் கடைசிப் போட்டி. ஒரு தடவ ஆளுகளப் பாத்துப் பேசணும்."

அவள் கேட்டது நியாயம். ஆனால் அதுவே எனக்கும் கடைசிப் போட்டி. இடையில் புகுந்தவன் வித்துராக்காரன். பையிலிருந்து ஒரு முறுக்கு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். பழைய ரெக்கார்டு நோட்டு அட்டைகளை வெட்டி, தலைப்புக்கு ஏற்றபடி ஓர் ஆட்டம் செய்துகொண்டு வந்திருந்தான்.

ஆட்டம் எளியது. சனிக்கோளுக்கு அப்பால் போரிட்டுத் திரும்பும் ஒரு விண்கப்பல். அதில் நான்கு வீரர்கள். ஒருவர் எதிரிக்கு விலைபோனவர். யார் என்பது அவரவர் சீட்டுக்குத்தான் தெரியும். கப்பலில் வரிசையாக நான்கு அறைகள்: எஞ்சின் அறை, காற்றறை, வானொலி அறை, ஆயுத அறை. அடுத்தடுத்த அறைகளுக்கு இடையே ஒரு கதவு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சட்டைப் பொத்தானை ஏதாவது ஓர் அறையில் வைக்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு அட்டையைக் கவிழ்த்து டப்பாவுக்குள் போட வேண்டும். வீரர்களின் அட்டையில் 'காவல்' என்றிருக்கும். துரோகியின் அட்டையில் அவர் நாசமாக்கிய அறையின் பெயர் இருக்கும். தான் நிற்கும் அறையையோ அதை ஒட்டிய அறையையோ மட்டுமே அவர் நாசமாக்கலாம். டப்பாவை மூடிவைத்து விவாதம். விவாதம் முடிந்ததும் வாக்கெடுத்து ஒருவரைக் கப்பலுக்கு வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் டப்பா திறக்கும். இருவர் மிஞ்சும்வரை துரோகி பிழைத்திருந்தால் வெற்றி அவருக்கு.

விதிகளைக் கேட்டு முடித்ததும் நான் அறிவித்தேன். "இதுல யார் ஜெயிக்கறாளோ அவாளுக்குத் தொகுப்புரை."

பாறசாலைக்காரன் சிரித்தான். "வக்கீலம்மா, பேசி ஜெயிக்குத ஆட்டத்துல ஒன்கூடப் பந்தயமா? இதுக்கு நீ நேரா தரமாட்டேன்னே சொல்லிரலாம்."

"சம்மதம்," என்றாள் விழிஞ்ஞத்துக்காரி. "வாக்கு மாறக் கூடாது, கேட்டியா?"

சீட்டைப் பிரித்தேன். 'துரோகி' என்றிருந்தது. என் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை என்று அடித்துச் சொல்வேன். நம்பாத பக்கத்தை நம்பிக்கையோடு பேசுவதற்குப் பத்தாண்டுப் பயிற்சி உள்ளவளிடம் அந்தச் சீட்டு வந்தது தற்செயல்தான். ஆனால் தகுதியான கைக்குத்தான் வந்தது.

முதல் சுற்றில் பாறசாலைக்காரனைக் குறிவைத்தேன். அவன் பொத்தானை ஆயுத அறையில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்து எஞ்சின் அறைக்கு மாற்றியிருந்தான். அது ஒன்று போதாதா? மாற்றிய கை ஏன் மாற்றியது, மறைக்க என்ன இருந்தது என்று மூன்றே நிமிடம் பேசினேன்.

"எனக்க அப்பனாண நான் இல்ல மக்கா! பொத்தான் உருண்டு போச்சு, அதான் எடுத்தேன்!" என்று அவன் கத்தினான். உண்மை பேசுகிறவர்கள் பொதுவாகக் கத்துவார்கள். கத்துகிறவரை அவை நம்பாது. மூன்று வாக்குகளில் அவனை வெளியே தள்ளினோம். டப்பாவைத் திறந்தால் மூன்று 'காவல்', ஓர் 'ஆயுத அறை'.

"நீங்க மூணு பேரும் செத்தீங்க," என்று சொல்லிவிட்டு அவன் மேசையின் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் சுற்றில் மூவர் மிஞ்சினோம்; முதல் சுற்றில் மூவருமே வானொலி அறையில் நின்றிருந்ததால் பழைய துப்பு எதுவும் இல்லை. ஆயுத அறை மூடப்பட்டது. நானும் வித்துராக்காரனும் வானொலி அறையில் நின்றோம். அவள் தனியாக எஞ்சின் அறையில். டப்பாவுக்குள் நான் போட்ட அட்டை, 'காற்றறை'.

விவாதம் தொடங்கும் முன்பே அது எனக்குச் சாதகமாக இருந்தது. வித்துராக்காரன் அவளைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறோம். நீ மட்டும் எதுக்கு தனியாப் போனே?" என்று கேட்டான். கூட நின்றவள் என்பதாலேயே அவனுக்கு என்மீது நம்பிக்கை. அவள் தன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே தள்ள என் வாக்கோடு இன்னும் ஒரு வாக்குத்தான் வேண்டும். அது அவன் கையில் தயாராக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாலே போதும். தொகுப்புரை என்னுடையது.

ஆனால் உடைக்கப்படாத கேள்வி ஒன்று மிச்சமிருக்கும்போது அமர்ந்திருக்க எனக்குத் தெரியாது. எழுந்தேன்.

"ஒரு விஷயத்தை நானே சொல்லிடறேன். காற்றறைக்கு வானொலி அறைப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அதனால என்மேல சந்தேகம் வரலாம். வரட்டும்! ஆனா அதே காற்றறைக்கு எஞ்சின் அறைப் பக்கமும் ஒரு கதவு இருக்கே? அந்தக் கதவுக்குப் பக்கத்துல தனியா நிக்கறது யாரு?"

அருமையான மறுப்பு. இப்போதும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"காற்றறையப் பத்தி இங்க ஆரு பேசுனா?"

அதைப் பற்றி அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை. டப்பா மூடியபடி இருந்தது. எந்த அறை போனது என்பது அந்த மேசையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

"எஞ்சின் போயிருக்கலாம், வானொலி போயிருக்கலாம்," என்றாள் அவள். "ஆரும் கேக்காத கேள்விக்கு நீ எதுக்குடீ பதில் சொல்லுதே?"

மேசை ஓரத்திலிருந்து செத்துப்போன வீரன் துள்ளி எழுந்தான். "லே! நான் அப்பமே சொன்னேன்லா!"

"நீ ஒண்ணும் சொல்லலடா, கத்துனே," என்றான் வித்துராக்காரன். பிறகு என் பொத்தானை எடுத்து வெளியே வைத்தான். டப்பாவைத் திறந்தார்கள். இரண்டு 'காவல்', ஒரு 'காற்றறை'.

அப்போதும் எனக்கு வாதங்கள் இருந்தன. பந்தயம் வென்றவருக்கு; வாக்களித்து என்னைத் தள்ளியவர்களோ இருவர்; ஆகவே வென்றவர் யாரென்று தெளிவில்லை. மேலும் இது முதல் ஆட்டம், விதிகள் பழகாத ஆட்டம். இவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு நான் மூச்சை இழுத்தபோது, அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"இப்ப நீ எந்திரிச்சா அஞ்சு நிமிஷத்துல நாங்களே ஒனக்குத் தொகுப்புரையத் தந்துட்டு மன்னிப்பும் கேப்போம். எனக்கு அது நல்லாத் தெரியும். அதனால பேசாதே."

என்னைப் பற்றி யாரும் சொன்னதில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அது உண்மை என்றும் எனக்குத் தெரியும். பேசியிருந்தால் வென்றிருப்பேன். இழுத்த மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் கோப்பிலிருந்து, தொகுப்புரைக்கென்று எழுதிவைத்திருந்த பதினொரு துண்டுச்சீட்டுகளையும் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்தைத் திருப்பித் தந்தாள். அந்தப் பத்தும் நல்ல சீட்டுகள்.

போட்டியன்று முதலில் பேசியவள் நான். எதிரணி கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை அவர்கள் வாய் திறக்கும் முன் எடுத்துவைத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். எனக்கு அடுத்து வந்த அவர்களுடைய முதல் பேச்சாளர் குறிப்புகளை மேலும் கீழும் புரட்டியதை அவையே பார்த்தது. இரண்டாவதாகப் பாறசாலைக்காரன் எழுந்தபோது கூட்டம் சாயா குடிக்கப் போயிற்று. அவன் காலி நாற்காலிகளிடமும் கத்தித்தான் பேசினான்.

கடைசியாக அவள் எழுந்தாள். அப்போது நாற்காலிகள் நிறைந்திருந்தன. கையில் அந்த ஒற்றைச் சீட்டு, அதையும் பார்க்கவில்லை.

"அவையோரே, எங்கள் கப்பலிலும் ஒரு துரோகி இருந்தாள். எங்களில் மிக நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். நம்பிக்கை முழுவதும் அவள் பக்கமே இருந்தது. எங்களில் ஒருவன் அவளுக்குத் துணையாக அதே அறையில் நின்றான். அவளைக் காட்டிக்கொடுத்தது கேட்கத் தெரிந்த ஓர் அறிவு மட்டுமே. ஐயம் இருந்தால் அவளையே கேளுங்கள். இதோ, முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்."

அவை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சிரிப்பு எழுந்தது, பிறகு கைதட்டல். எனக்கு ஓர் அருமையான மறுப்பு நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் தொகுப்புரைக்கு மறுப்புரை கிடையாது. ஆகவே எழுந்து நின்று, நான்கு பக்கமும் திரும்பி, அவைக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அந்தக் கைதட்டலில் பாதி எனக்குரியது என்று, அவள் எத்தனை முறை மறுத்தாலும், இன்றும் வாதிடுவேன்.