ஓடுபாதையில் கேட்ட இரண்டு டிக்

தம்பியின் இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. வெளியே தெரிந்த விரல்களை அக்கா ஈரத்துணியால் துடைத்து, இடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றினாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். வெளுத்து, உடனே சிவந்தது. ரத்த ஓட்டத்தில் குறையில்லை.

இருவருமே விமான நிலையத்தில் ஓட்டுநர்கள். அவளுக்கு ஓடுபாதையைப் பெருக்கும் லாரி, அவனுக்குப் பறவை விரட்டும் ஜீப். போன வாரம், இறங்கிய விமானத்தின் இறக்கை நுனி அந்த ஜீப்பின் கூரையைச் சீவிக்கொண்டு போனது. விமானத்தில் யாருக்கும் கீறல்கூட இல்லை. ஜீப் உருண்டதில் இவன் கால் முறிந்தது.

முதலில் அவனை ஓடுபாதைக்குள் போகச் சொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பெண், உடனே மாற்றி, போகாதே, நில் என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுமொழியாக ஒலிப்பதிவில் 'டிக் டிக்' கேட்கிறது. அதை நம்பித்தான் விமானத்தை இறங்கவிட்டாள். கேட்டதை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஓட்டுநர்கள் யாரும் சொல்வதில்லை. பேசும் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார்கள், கேட்டாச்சு என்று அர்த்தம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கோபுரத்துப் பெண்ணும் கொஞ்ச நாள் அலுத்துக்கொண்டுவிட்டு, பிறகு விட்டுவிட்டாள்.

தம்பி அழுத்திவிட்டு மறந்துபோய் உள்ளே போனான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அழுத்தியது அக்கா. எல்லா வண்டிகளுக்கும் ரேடியோவில் ஒரே அலைவரிசைதான். வண்டி எண்ணைக் காதில் வாங்காமல், தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று வழக்கம்போல அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பறவைகளுக்கு வெடி போட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு ரேடியோ கேட்கவே இல்லை. விசாரணைக்காரர் ஒலிப்பதிவைப் போட்டு யார் இது என்று கேட்டபோது, அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்த விசாரணைக்காரர் இங்கயே வர்றாராம். நான்தான் அழுத்தினேன்னு சொல்லிடப் போறேன்" என்றான் தம்பி.

"அழுத்தின ஞாபகம் இருக்கா?"

"இல்ல. வேற யாரு அழுத்துவா? லைசென்ஸ் போனாப் போகுது. நீ எனக்குக் கழுவித் துடைக்கறதுதான் வெக்கமா இருக்குக்கா."

அவள் முகம் எரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை விசாரணைக்காரர் வந்தார். கட்டிலருகே நாற்காலி போட்டாள். தம்பி வாயெடுக்கும் முன் சொன்னாள்: "அது நான் அழுத்தினது சார். இவன் இல்ல. அன்னிக்கு நீங்க கேட்டப்ப வாயை மூடிட்டு இருந்தேன்."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் என்று கேட்டார். எல்லோருக்கும்தான் என்றாள். ஆளைப் பிடிக்க வரவில்லை, அடுத்த மோதலைத் தடுக்கத்தான் வந்தேன் என்றார் அவர். இது தெரியாமல் அறிக்கை எழுதியிருந்தால் நாளைக்கே இன்னொருவர் அதே பொத்தானை அழுத்தியிருப்பார்.

அவர் போனபின் தம்பி சொன்னான்: "ஒரு வாரமா என்னைக் குத்தவாளியாப் படுக்க வச்சிட்டியேக்கா."

"ஆமாடா."

வெந்நீர் கொண்டுவந்தாள். காலை இழுத்துக்கொள்ள அவனால் முடியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.