தெய்வத்தை வணங்காத இளவரசனின் கௌரிக் காப்பு

கண்டி கொழும்பு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் விற்பனையாளராக இருக்கும் சண்முகநாதனைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் கல்யாண வீட்டுக்குப் போலீஸைக் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்றுதான். நடக்கிறது நடக்கும், ஆனால் யாருக்கும் நிம்மதி இருக்காது. கதாநாயகி கிணற்றடியில் அழுதுகொண்டிருப்பாள், தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். இவர் மட்டும் மனைவி சீதாவின் முழங்கையை இடித்து, முதலில் வலப்பக்கம் கிடந்த பின்னல் இப்போது இடப்பக்கம் கிடக்கிறது என்பார். கல்யாணமான புதிதில் சீதா இதை ரசித்ததாகத்தான் கேள்வி. பிறகு அந்த அம்மாள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தனியாகப் படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சும்மா குறை சொல்கிற மனுஷன் என்று அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. மாயாஜாலப் படம் என்றால் உயிர். யானை பறக்கட்டும், பாம்பு பாடட்டும், செத்த ராஜா பாடையிலிருந்து எழுந்து பலகாரம் கேட்கட்டும், எல்லாம் அவருக்குச் சம்மதம். ஆனால் பறக்கும்போது இடது தந்தம் உடைந்திருந்த யானை, இறங்கும்போது வலது தந்தம் உடைந்து நின்றால் மனுஷனுக்கு இரத்தம் கொதித்துவிடும். மாயத்துக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்பார். கரண்ட் பில் கூடியபோதுகூட அவர் இவ்வளவு கொதித்து யாரும் பார்த்ததில்லை.

இந்தக் கொதிப்பை வீட்டுக்குள் யாரும் கேட்காததால் பேஸ்புக்கில் ‘கண்ணுக்குத் தப்பாது’ என்று ஒரு பக்கம் தொடங்கினார். ஒரே காட்சியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பிழை இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம் போடுவார். முதல் படத்தில் மீசை முறுக்கியிருக்கும், அடுத்ததில் தொங்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு இலங்கையிலிருந்து கனடா வரை ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள். ‘ஆசான்’ என்று பட்டம் வேறு கொடுத்தார்கள். கடைக்கு வருகிறவர்களில் சிலர் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிற சாக்கில் ஆசானோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, கண்ணாடியை வாங்காமல் போனார்கள். முதலாளிக்கு அதில் மனக்குறைதான். ஆசானுக்கோ தலை கனத்துவிட்டது.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் நிரோஷினிக்கு சினிமாவிலேயே வேலை வந்தது. அக்குறணையைச் சேர்ந்த ரிஸ்மி என்ற இளைஞன், கல்யாண வீடியோ எடுத்துக் கையைத் திருத்திக்கொண்டவன், ‘நீலப்பாறை ராஜ்ஜியம்’ என்று ஒரு மாயாஜாலப் படம் எடுக்கப் புறப்பட்டான். காட்சிக்குக் காட்சி உடுப்பும் நகையும் காயமும் மாறாமல் பார்த்துக்கொள்கிற வேலைக்கு, கன்டினியூட்டி என்பார்களே, அதற்கு ஆள் தேடியபோது ஆசானின் மகள் ஞாபகம் வந்தது. இந்தப் படம் சரியாக வந்தால் அடுத்தது கொழும்புக் கம்பெனி ஒன்றின் பெரிய படம், அதிலும் நீதான் என்று வாக்குக் கொடுத்தான். அதை நம்பி நிரோஷினி, கையில் வந்த வங்கி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சீதா இரண்டு நாள் பேசவில்லை. சண்முகநாதனுக்கோ கால் தரையில் பாவவில்லை.

படப்பிடிப்பு ஹேவாஹெட்டப் பக்கம், தேயிலை மலைக்கு மேலே ஒரு பாறைக் குகையில். வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா என்று கடையில் லீவு சொல்லிவிட்டு அவரும் கூடவே போனார். காவலுக்குப் போனார் என்று ஊருக்குச் சொன்னாலும், போனது எதற்கென்று ஊருக்கும் தெரியும். கமராவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழும்பினார். ரிஸ்மியும் பெரிய மனுஷன் என்று மரியாதை கொடுத்தான்.

கதையின் நாயகன் ஓர் இளவரசன். ராஜ்ஜியத்தை இழந்தவன். அதைத் திரும்பப் பிடிக்கிற வரைக்கும் எந்தத் தெய்வத்தையும் வணங்க மாட்டேன் என்று படம் தொடங்கியதுமே சபதம் போடுகிறான். இளவரசனாக நடித்தவன் தெல்தோட்டைப் பையன் யுகேஷ், கம்பளையில் போன் கடை வைத்திருப்பவன். பாதிப் படத்தை எடுத்து முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, பின்னாலேயே தீபாவளியும் வந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டு வந்து மீதியைத் தொடங்கிய அன்று காலை, இளவரசனின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் பளபளத்தது. கௌரி விரதம் முடித்து, கோயிலில் ஐயர் கையால் கட்டிய காப்பு. ஆம்பிளைக்கு வலது கை. வாள் பிடிக்கிற கையும் அதுதான்.

முதலில் கண்டது நிரோஷினி. முதல் பாதியில் வெறுங்கையாகக் குகைக்குள் நுழைந்தவன், உள்ளே போனதும் கௌரிக் காப்போடு வாளை உருவினால் எப்படி? படம் முடிகிற வரைக்கும் கழற்றி வைக்கலாமா என்று யுகேஷிடம் மெதுவாகத்தான் கேட்டாள். அவனும் அரை மனதோடு கையை நீட்டினான். அப்போதுதான் பிளாஸ்டிக் கதிரை எழும்பியது.

"ஏம்மா, அம்பாள் காப்ப அறுக்கச் சொல்றியே, ஒனக்கு நல்லாயிருக்கா இது? படம் இன்னொன்னு எடுக்கலாம். விரதம் அந்தப் பிள்ள திரும்பப் புடிக்கணுமா?"

வேலைக்காரர், நடிகர், தேத்தண்ணி ஊற்றுகிறவர் என்று அத்தனை பேருக்கும் முன்னால் இதைச் சொன்னார். நிரோஷினியின் முகம் சுருங்கிப்போனது. சரி, அறுக்க வேண்டாம், மேலே ஒரு தோல் பட்டையைக் கட்டி மறைக்கலாம் என்றாள். மாட்டுத் தோலையா, காப்புக்கு மேலேயா என்று கேட்டு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்படியானால் காயத்துக்குக் கட்டுப் போட்டமாதிரி ஒரு துணியைச் சுற்றிவிடலாம் என்றாள். இப்போது அவருக்குள் இருந்த பக்தர் உட்கார்ந்துகொள்ள, ஆசான் எழும்பிவிட்டார். காயம் எப்போது பட்டது, எந்தக் காட்சியில் பட்டது, படாத காயத்துக்கு எவன் கட்டுப் போடுவான், அது பிழையில்லையா என்று பாடம் எடுத்தார். ஒரே மனுஷன் இரண்டு ஆளாக நின்று மறித்தால் பிள்ளை எந்தப் பக்கம் போவாள்?

அவள் ரிஸ்மியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இது ஒங்கட சாமி விஷயம் அங்கிள், நான் கை வெக்க ஏலாது" என்று விலகிக்கொண்டான். மலைக்குப் பின்னால் மறுபடி மழை கறுத்தது. கமரா ஓடத் தொடங்கியது. நிரோஷினி யுகேஷிடம், முடிந்த மட்டும் கையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாள் சண்டையில் எவன் கையைத் தாழ்த்திப் பிடிப்பான்?

படம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகக் கண்டியில் திரையேறியது. தெல்தோட்டையிலிருந்து யுகேஷின் சொந்தக்காரர்கள் வான் பிடித்து வந்திருந்தார்கள். சண்முகநாதன் நடுவரிசையில் இஸ்திரி போட்ட சேட்டோடு உட்கார்ந்திருந்தார். படம் ஓடத் தொடங்கியது. வெட்டி ஒட்டும்போது காட்சிகள் முன்பின்னாகப் போய்விட்டன போலும். காப்பு ஒரு தடவை வந்து போனால் பரவாயில்லை, அது வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இளவரசன் மலையுச்சியில் நின்று, "எந்தத் தெய்வத்துக்கும் தலைவணங்க மாட்டேன்" என்று கையை உயர்த்துகிறபோது திரை முழுக்க மஞ்சள் காப்பு. அந்த இடத்தைத் தீபாவளிக்குப் பிறகு இரண்டாம் தடவை எடுத்திருந்தார்கள். தெல்தோட்டைச் சனம் விசிலடித்தது. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவருடைய பேஸ்புக் பக்கத்தில் அன்று பின்னேரமே ஆசானின் தீர்ப்புக்காகச் சனம் காத்துக்கிடந்தது. மகள் வேலை பார்த்த படம் என்பது ஊரறிந்த விஷயம். காப்பைச் சொன்னால் மகளின் தலை போகும். சொல்லாவிட்டால் இத்தனை வருடத்துப் பேர் போகும். மனுஷன் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஒரு வீரனின் செருப்பு வார் மாறியதையும் ராணியின் தோடு திரும்பியிருந்ததையும் போட்டுவிட்டு, மற்றபடி குறையொன்றும் இல்லை என்று முடித்தார். அவர் யாரையும் பாராட்டி எழுதியது அதுதான் முதல்.

மறுநாளே டிலக்சன் என்று ஒரு பேராதனைப் பல்கலைக்கழக மாணவன், ஆசானின் பரம பக்தன், டிரெய்லரிலிருந்து இரண்டு படத்தை வெட்டியெடுத்துச் சிவப்பு வட்டத்தோடு போட்டான். இடப்பக்கம் வெறுங்கை, வலப்பக்கம் கௌரிக் காப்பு. கீழே, ‘ஆசானிடம் கற்ற கண்’ என்று பணிவாக ஒரு வரி. அவ்வளவுதான், சனத்தின் வாய்க்கு அவல் கிடைத்தது. இளவரசன் விரதம் இருந்துதான் ராஜ்ஜியத்தைப் பிடித்தான் என்று ஒருவன். ஐயர் எந்தக் காட்சியில் வந்தார் என்று இன்னொருவன். கன்டினியூட்டி பார்த்த பெண் கண்ணாடிக் கடைக்காரரின் மகளாமே, ஒரு கண்ணாடி மாட்டிவிட்டிருக்கலாமே என்று மூன்றாமவன். இந்த மூன்றாவதை நிரோஷினி வாசித்துவிட்டாள். கொழும்புக் கம்பெனியும் வாசித்துவிட்டது. கன்டினியூட்டிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுகிறார்கள் என்று ரிஸ்மி போன் எடுத்தபோது அவள் சரி என்று மட்டும் சொன்னாள். நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை.

சண்முகநாதனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கெட்ட மனுஷன் இல்லையே அவர். குற்றம் தன்னுடையது என்று தெரிந்தும் பிள்ளையின் தலையில் அதை விட்டுவைக்க அவரால் முடியவில்லை. கடையில் வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டே எழுதினார். காப்பை முதலில் கண்டது என் மகள், கழற்றக் கேட்டதும் மறைக்கக் கேட்டதும் அவள், மூன்று வழியையும் மறித்தது நான், இந்தப் பிழை முழுக்க என்னுடையது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் போட்டார். வாழ்க்கையிலேயே அவர் தன்மேல் போட்டுக்கொண்ட சிவப்பு வட்டம் அது ஒன்றுதான்.

ஒருத்தர்கூட நம்பவில்லை.

பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட தகப்பன் என்று கொண்டாடிவிட்டார்கள். அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையுமாகக் கொட்டியது. அவருடைய பக்கத்தில் எதற்கும் இவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. டிலக்சன் மன்னிப்புக் கேட்டு ஒரு கவிதை எழுதினான். கண்டியில் ஏதோ ஒரு மன்றம் தந்தையர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், வாங்க என்று அழைத்தது. நான் சொல்லுறது நெசம் என்று அவர் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். போடப் போடப் பாசம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் ரிஸ்மியிடம் ஓடினார். நீதானப்பா சாட்சி, கம்பெனிக்குச் சொல்லு என்று கையைப் பிடித்தார். ரிஸ்மி ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டான்.

"நீங்க எழுதினது பொய் எண்டா, பிழை செஞ்ச புள்ள நமக்கு வேணாம் எண்டாங்க அங்கிள். உண்மெ எண்டா, வாப்பா ஏசினதும் வேலைய விட்டுக் குடுக்கிற புள்ள நமக்கு எதுக்கு எண்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது நிரோஷினி முன்னறையில் வங்கி வேலைக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியுமா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொன்னாடைக்குப் போகப்போவதில்லை என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, அன்றைக்கு நீயாவது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். கேட்டதும்தான் கேட்டது எவ்வளவு கேவலம் என்று அவருக்கே உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"பிழை என்னோடதுதான்ப்பா. அந்த எடத்துல நான் வேலைக்கி வந்தவளா நிக்கல. ஒங்க மகளா நின்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் மறுபடி போனைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் அந்த வார்த்தைகளை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது ஒரு பிழை இருக்காதா, பிடித்துக்கொண்டு இல்லையென்று சொல்லிவிடலாமே என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.