கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவன்

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டில் எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கடையின் பின்சுவரை ஒட்டிப் பள்ளிவாசல். நோன்பு மாசம் வந்துவிட்டால் மதியத்துக்கு மேல் எனக்கு வேலை ஓடாது. சீமைக்கருவேல விறகில் அண்டா ஏறி, பூண்டும் வெந்தயமும் இஞ்சியும் சேர்ந்து வேகும் வாசனை சுவர் தாண்டி வந்துவிடும். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று மோட்டார் கொடுத்தவர் வாசலில் நிற்பார். நிற்கட்டும்.

கஞ்சி காய்ச்சுகிறவர் நோன்பாளி. கூட நின்று கிண்டுகிறவர்களும் நோன்பாளிகள். பிறகு யார் உப்புப் பார்ப்பது? நோன்பு பிடிக்காத சின்னப் பிள்ளைகளைக் கேட்டால், எதை வாயில் விட்டாலும் நல்லாயிருக்கு என்றுவிடும். சில வருஷங்களுக்கு முன், கடையில் உட்கார்ந்து நான் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கஞ்சி காய்ச்சுகிறவர் என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பதவி எனக்கு. கிண்ணத்தில் ஊற்றித் தருவார். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, இன்னும் ஒரு கை போடு என்பேன், அல்லது போதும் என்பேன். நான் போதும் என்ற பிறகுதான் அண்டா இறங்கும். ஊரில் எனக்கு வேறு பெரிய மரியாதை எதுவும் கிடையாது. இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசு வராது.

இந்த முறை நோன்பு மாசியில் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், தலை சுற்றுகிறதே என்று அருப்புக்கோட்டைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். பிரஷர், உப்பைக் குறையுங்கள் என்றார். என் வீட்டுக்காரி குறைக்கவில்லை, உப்பை நாடுகடத்தியே விட்டாள். ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு, கருவாட்டுச் சட்டி பரணில் ஏறியது. பிரஷர் எனக்கு, பத்தியம் குடும்பத்துக்கே.

முதல் நோன்பன்று வழக்கம்போலக் கூப்பிட்டார்கள். ஒரு வாய் குடித்தேன். அடடா, கறியும் தேங்காய்ப்பாலும் புதினாவும் உப்புமாக, நாக்குக்கு மறுபடி உயிர் வந்த மாதிரி இருந்தது. போதும், இறக்கு என்றேன். என்னை நம்பி இறக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கஞ்சி சப்புன்னு இருக்குன்னு தெருவெல்லாம் பேச்சு. இதுக்கு நீங்கதான உப்புப் பாத்தீக?"

எனக்கு விளங்கிவிட்டது. ஒரு கல் உப்பே கடலாகத் தெரியும் நாக்கை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் சப்பென்ற கஞ்சியில் நோன்பு திறந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர், காய்ச்சல்காரனுக்கு வைத்த கஞ்சியா இது என்று கேட்டாராம். அதோடு என் பதவி போனது என்றே நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி என்னைக் கூப்பிட மாட்டார்களே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் மதியம் தலையைத் தூக்காமல் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. ஆள் வரவில்லை. எதிரே டீக்கடைக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். நோன்பும் இல்லை, பிரஷரும் இல்லை. கஞ்சி காய்ச்சுகிறவர் பள்ளிவாசல் சந்திலிருந்து வெளியே வந்து ரோட்டுப் பக்கம் பார்த்தபோது எனக்குப் பக்கென்றது. ஆனால் அவர் திரும்பி என் கடை வாசலுக்கு வந்தார்.

காலையில் என் வீட்டுக்காரி தண்ணீர் லாரி வரிசையில் அவர் வீட்டம்மாவைப் பார்த்து என் பிரஷர் கதையைக் கொட்டியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார்.

"நீங்க போதும்பீகள்ல மாமா, அதுக்கு மேல நான் ஒரு கை போட்டுக்கிறேன். வாங்க."

"எதுக்கு மாப்ளே இந்தச் சுத்து? டீக்கடைக்காரரக் கூப்பிட்டா நேரா சொல்லிருவாரு."

"ஆள மாத்துறதவிட ஒரு கை உப்பு கூடப் போடுறது லேசு மாமா."

கிண்ணத்தை வாங்கி நெடுநேரம் ஊதினேன். போதும் என்றேன். அவர் உப்பை ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டி அண்டாவை இறக்கினார். அன்று தெருவில் எல்லோரும் நல்ல கஞ்சி என்றார்கள். எனக்குத்தான் ஒரே கரிப்பு. இருந்தாலும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்று ரெண்டு கிண்ணம் குடித்தேன்.