காப்பு அவிழ்த்த கையில் முதல் மாத்திரை

அண்ணன் வீட்டில் எனக்கு மட்டும் பாட்டில் தண்ணீர். ஏற்காடு கடைவீதியில் பெட்டியாக வாங்கி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் குடத்து ஊற்றுத் தண்ணீரை மொண்டு குடிக்க, என் தட்டருகே மூடி திறக்காத பாட்டில் ஒன்று இருக்கும். அந்த ஊற்றைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். "உங்களுக்கு இப்ப இது ஒத்துக்காதுங்க தம்பி" என்றார் அண்ணி. போர்ச்சுகலில் நான் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடிப்பவன். அங்கே யாரும் எனக்கென்று தனியாகத் தண்ணீர் வைத்ததில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டேன். சேலத்தில் லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு மஸ்கட், பிறகு போர்ச்சுகல். எங்கும் கால் நிலைக்கவில்லை. யாரும் துரத்தவும் இல்லை. இப்போது கடலோர ஊர் ஒன்றில், பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெர்ரி பறிக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அதே வேலைதான் செய்கிறீர்கள். அந்த வெக்கையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கேதான் ஒருநாள் கூடைகளுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். மார்புக்குள் யாரோ கோணிச்சாக்கை உதறுவதுபோல் இருந்தது. மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், செல்போன் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, மாத்திரை தொடங்க வேண்டும்; ஆனால் முதல் மூன்று நாள் இங்கே படுத்து, ஈசிஜி பார்த்துக்கொண்டேதான் தொடங்க வேண்டும் என்றார். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரே அறையில் பத்துப் பேர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பெரிய குடும்பம் என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் ஷிப்டு மாறி மாறி ஒரே கட்டிலில் தூங்குகிறவர்கள். எனக்கு முன்னால் அதில் படுத்து எழுந்தவனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும் அளவுக்கு மொழி இல்லை. படுக்கை காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. ஊரில் நோம்பி, எங்கள் அம்மன் திருவிழா, வந்துவிட்டது.

அம்மன் பல்லக்கைத் தூக்க வீட்டுக்கு ஒரு தோள்; அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டுத் தோள் அண்ணனுடையது. இந்த முறை நான் தூக்குகிறேன் என்று போனிலேயே கேட்டு வாங்கியிருந்தேன். வந்த மறுநாள் பூசாரி என் வலக்கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினார். காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஊரில் ஒருவரும் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. பகலில் சேலம் போகலாம். இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும். கட்டிய காப்பும் சும்மா அவிழாது. அதே வீட்டின் இன்னொரு கைக்குத்தான் மாறும்.

மாத்திரையை வரும் வழியில் சேலத்து மருந்துக்கடையிலேயே வாங்கியிருந்தேன். போர்ச்சுகலில் படுக்கை இல்லாமல் தரமாட்டோம் என்றதை, இங்கே அந்த டாக்டரின் சீட்டைக் காட்டியதும் எடுத்துக் கொடுத்தார்கள். காப்புக் கட்டிய அன்று மதியம், அண்ணன் தோட்டத்து மிளகுக்கொடிக்கு நடுவில் நெஞ்சு உதறத் தொடங்கியது. மாத்திரை அட்டையைப் பிதுக்கினேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளு படுக்கோணும்னு நீதானடா போன்ல சொன்ன. கேட்டுட்டுப் போடு."

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினோம். இதய டாக்டர் என் ஈசிஜியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சொல்வதைக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், ஊட்டுலயே சாப்புட்டா ஆகாதுங்களா? பக்கத்துலயே நான் இருக்கறனுங்க."

"சில மாத்திரைய வீட்டுலயே ஆரம்பிக்கலாம். இது அப்படி இல்லீங்க. துடிப்பைச் சரி பண்ற மருந்தே முதல் சில வேளையில துடிப்பைக் கெடுத்தும் விடும். பக்கத்துல இருந்து கண்ணால பார்த்தாத் தெரியாது, மெஷின்லதான் தெரியும். கிட்னி, ரத்தத்துல உப்பு எல்லாம் பார்த்துத்தான் அளவே முடிவு பண்ணணும். நாளைக்கே சேருங்க. கூட ஒருத்தர் இருக்கணும்."

"நோம்பி கழிச்சு வரலாமுங்களா?"

"நோம்பியில இவருக்கு என்ன வேலை?"

"சாமி தூக்கோணுமுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இவரைத் தூக்கிட்டு வராம இருந்தாச் சரி."

திரும்பும் பஸ் அடிவாரம் தாண்டி வளைவுகளில் ஏறியது. "காப்ப நான் வாங்கிக்கறேன்" என்றார் அண்ணன்.

"அப்பறம் கூட ஆருண்ணா வருவா?"

"அதான்" என்றார். எல்லைக்கு வெளியே இராத்தங்க அண்ணியும் வர முடியாது, ஊரில் யாரும் வர முடியாது. உயிர் ஒரு பொருட்டில்லை என்று பேசித் திரிந்தவன் நான். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு பயம் வந்துவிட்டது. காப்பு வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அண்ணனே சொல்லிவிட்டார்.

பூசாரி முடிச்சை அவிழ்க்கும்போது, நான் எல்லை தாண்டித் தங்கினால் குற்றமில்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீ இருக்கறதே எல்லைக்கு அந்தாண்டதான கண்ணு. உன்னைய இந்தக் கணக்குல ஆரு சேத்தா? பயப்படாம போ."

ஆறுதலாகத்தான் சொன்னார். கயிறு அண்ணன் கைக்கு மாறியது. என் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

மறுநாள் சேலம் மருத்துவமனையில் முதல் கேள்வியே, "கூட யாருங்க?" போர்ச்சுகலில் பார்க்க வந்தவரை மணியடித்து வெளியே அனுப்புவார்கள். இங்கே கூட ஆள் இல்லாவிட்டால் படுக்கை இல்லை. எனக்குக் காட்டிய கட்டிலுக்கு அடுத்த கட்டில் நோயாளியின் மனைவி, குப்பனூர்க்காரர், குரல் கொடுத்தார்.

"நான் இருக்கறேன்னு எழுதிக்குங்க சிஸ்டர். அக்கான்னு போடுங்க. எங்க ஊட்டுக்காரரப் பாக்கறப்ப இந்தப் பக்கமும் ஒரு பார்வ பாத்துட்டாப் போச்சு. இந்தத் தம்பி என்ன, ஓடியா போயிருவாரு?"

சிஸ்டர் என் வலக்கையிலிருந்த மஞ்சள் கறையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். முழுதும் போகவில்லை. அதன் மேலேயே ஆஸ்பத்திரிப் பட்டையை மாட்டி, மார்பில் வயர்களை ஒட்டி, முதல் மாத்திரையைக் கொடுத்தார். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈசிஜி எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் கோடுகளைப் பார்த்து, மருந்து கேட்கிறது என்றார். நடுவில் சில நாள் விட்டுப்போனால் நானாகத் திரும்பத் தொடங்கக் கூடாது, மறுபடி இப்படிப் படுத்துத்தான் தொடங்க வேண்டும், எந்த நாடானாலும் இதேதான் என்றார். அந்தப் பத்துப் பேர் அறையை நினைத்துக்கொண்டேன். அங்கே எனக்காக அக்கா என்று எழுதச் சொல்ல யாரும் இல்லை. இங்கேயும் அடுத்த முறை இந்த அம்மா இருக்கப்போவதில்லை.

அன்று மாலைதான் பல்லக்கு. வார்டு ஜன்னலில் மலை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து நடந்தேன், வயர் ஜன்னல்வரை எட்டவில்லை. குப்பனூர் அக்கா பார்த்துவிட்டு அவரே ஜன்னலுக்குப் போனார்.

"என்னங்க பாக்கோணும்?"

"மலையில லைட்டு தெரியுதுங்களா?"

"ரோட்டு லைட்டு தெரியுதுங்க. பஸ்ஸு ஒண்ணு வளைவுல ஏறுது."

"அதுக்கு மேலீங்க?"

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"அதுக்கு மேல ஒண்ணுந் தெரியலீங்க தம்பி. அங்க உங்களுக்கு ஆராச்சும் இருக்காங்களா?"

ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மெஷின் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.