தலைவர் மலையேறிய ஞாயிற்றுக்கிழமை

சுங்கை வே தொழிற்சாலைகளுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு திடல் இருந்தது. திடல் என்றதும் புல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். புல் இரண்டு மூலைகளில் மட்டும்தான், மற்றதெல்லாம் செம்மண். ஒரு பக்கம் பெரிய சாக்கடை. சில நாள் நீலமாக ஓடும், சில நாள் நுரை தள்ளும். பந்து அதில் விழுந்தால் யாராவது இறங்கி எடுத்து, கால்சட்டையில் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். அந்தப் பந்தைத்தான் என் கணவர் தலையால் முட்டுவார். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை அவர் தலைமுடியிலிருந்து வரும். இரண்டு தடவை ஷாம்பு போட்டாலும் போகாது.

அவர்தான் குழுவுக்குக் கேப்டன், கோல் பக்கத்தில் நின்று தடுக்கும் ஸ்டாப்பரும் அவர்தான். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் நடுவில் வட்டார லீக்கில் கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் குழு எங்களுடையது. ஆதரவாளர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கோட்டோரம் நிற்போம். அதில் பெண் நான் ஒருத்திதான். ஆனால் கத்துவதில் நான்தான் முதல். நடுவரை நான் திட்டிய திட்டுக்கு ஒருமுறை எதிர்க்குழுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு வேலை எலக்ட்ரானிக் பேக்டரியில். வாரம் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டவேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் கழுத்து நிமிராது, கண்ணுக்கு முன்னால் எல்லாமே சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். அதனால்தான் மலைக்குப் போக ஆசைப்பட்டேன்.

எங்கள் பயிற்சியாளர் ஒரு லோரி டிரைவர். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டக்காரர்களைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு சுங்கை பூலோவைத் தாண்டி ஒரு மலைக்குப் போவார். மூச்சுப் பழக வேண்டும், கால் இறுக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் நானும் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, வீட்டுல வேலை இல்லியா?" என்றார்.

"இருக்குண்ணே. அது எங்க ஓடிடப் போவுது?"

அவர் சிரித்துவிட்டு லோரியைக் கிளப்பினார். அப்புறம் ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை. பாதி வழியில் ஓர் ஓடை வரும். குனிந்து கையால் அள்ளிக் குடிப்போம். சாக்கடைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த எங்களுக்கு அந்தத் தண்ணீர் நம்பமுடியாத சுத்தம். அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: மேலே கொண்டு போனது எல்லாம் கீழே வர வேண்டும். மிட்டாய்க் காகிதம் கீழே விழுந்தால்கூட, போட்டவனைத் திரும்ப நடக்கவிட்டு எடுத்துவரச் சொல்வார்.

அந்த வருடம் தேர்தல் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. அப்போதுதான் தலைவர் வந்தார்.

அவருக்கு இன்ன பதவி என்று எனக்குக் கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. கூட வந்தவர்கள் "தலைவரே, தலைவரே" என்று கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வந்தார். தோல் சப்பாத்தோடு பந்தை உதைத்தார். பந்து இரண்டடி உருண்டு நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். எந்தப் பந்தையும் குறை சொல்லாமல் விடாத எங்கள் ஆதரவாளர்களும் தட்டினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, திடலுக்கு வேலி போட்டுத் தருவேன், புல் போட்டுத் தருவேன், உடைமாற்ற அறை கட்டித் தருவேன் என்றார். சென்ட் வாசனை சாக்கடை வாடையையும் மீறி என் மூக்கில் ஏறியது. எனக்குச் சாக்கடையே தேவலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் புது ஜெர்சி வந்தது. முதுகில் எண் சின்னதாக, அதற்கு மேல் அவர் முகம் பெரிதாக. என் கணவர் வியர்த்து ஓடும்போது அந்த முகம் நனைந்து சுருங்கி, வாயோரத்தில் எச்சில் ஒழுகுவது போல இருக்கும். ஒவ்வொரு முறை அவர் திரும்பும்போதும் என்னைப் பார்த்து இளிக்கும். துவைப்பதற்கு வந்தபோதுதான் தாங்க முடியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தால் கன்னம் செதில் செதிலாக உரிந்து என் விரலில் ஒட்டியது.

"இந்த மூஞ்சிய நான் தொவைக்க மாட்டேன்," என்று வாளியை அவர் முன்னால் வைத்தேன்.

"வேலி போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காருலா. கொஞ்ச நாளைக்குச் சகிச்சிக்கலாம்."

"நீங்க சகிச்சிக்குங்க."

அன்றிலிருந்து அதை அவரே துவைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் தலைவரின் ஆட்கள் வந்து, எங்கள் மலையில் அவர் தலைமையில் ஆரோக்கிய நடை நடக்கப்போகிறது என்று சொன்னார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் மலையேறுவதை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் லோரியில் போய் இறங்கியபோது அடிவாரத்தில் பஸ்கள் நின்றன. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பாதை நெடுக மரங்களில் அவர் முகம் போட்ட பதாகைகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். அடித்த இடத்தில் பால் வடிந்து அவர் நெற்றியில் இறங்கியிருந்தது. அண்ணன் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்.

தலைவர் புத்தம் புது டிராக் சூட்டில் வந்தார். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. ஓடைவரை எப்படியோ வந்துவிட்டார். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, நாங்கள் குடிக்கும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டார். நகத்தை நோண்டினார். "மேல எவ்ளோ தூரம்?" என்று கேட்டார். பாதிகூட ஆகவில்லை என்றதும் முகம் வாடியது. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தார், உச்சியில் படம் எடுக்க.

அப்போதுதான் அவருடைய ஆள் ஒருவன் கீழே ஓடிப்போய் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தான். இன்னொருவன் மூங்கில் வெட்டினான். இரண்டு கழியை நாற்காலிக்கு அடியில் வைத்துக் கட்டியபோதும் எனக்கு விளங்கவில்லை. அவன் எங்கள் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கையைத் தட்டினான்.

"வாங்க பசங்களா, நாலு நாலு பேரா மாத்தி மாத்தித் தூக்குங்க."

அண்ணன் குறுக்கே போய் நின்றார். "இவங்க பந்து வெளையாடுற பசங்க. பல்லக்கு தூக்குறவங்க இல்ல."

"வேலி வேணுமா வேணாமாண்ணே?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

யாரும் அசையவில்லை. இப்போது எல்லாரும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்போது என் கணவர் குனிந்து கழியின் முன்முனையைப் பிடித்தார். கேப்டன் பிடித்தபின் மற்றவர்களும் பிடித்தார்கள்.

நான் பாதையோரமாக, கொஞ்சம் பின்தள்ளி நடந்தேன். என் கண்ணுக்கு நேரே அவர் முதுகு. அந்த முதுகில் தலைவர் முகம். அதற்கு மேலே நாற்காலியில் தலைவரே. அவர் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். வழுக்கும் இடங்களில் "மெதுவா, மெதுவா" என்று என் கணவரின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு திருப்பத்தில் ஓரமாகத் துப்பினார். பாதி ஓரத்தில் விழுந்தது. மீதி என் கணவரின் தோளில்.

அவர் ஒரு கையை எடுத்துத் துடைத்தார். துடைத்த கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு மறுபடி கழியைப் பிடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் பசியாறிய நாசி லெமாக் சோறு தொண்டைவரை வந்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே நாற்காலியை இறக்கச் சொன்னார் தலைவர். முகத்தைத் துடைத்து, தலையை வாரி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கடைசித் தூரத்தை மட்டும் நடந்தார். படம் எடுத்தார்கள். பிறகு, இளைஞர்கள் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும் என்று பேசினார். கைதட்டினார்கள். தூக்கியவர்களும் தட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் இறங்கியது. அடிவாரத்தில் குழுப் படம் எடுக்க வேண்டுமென்று கேப்டனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். எங்கும் வெள்ளைப் பெட்டிகள். பிரியாணிச் சோறு, கோழி எலும்பு, ஈ. புதருக்குப் பின்னால் யாரோ மலம் கழித்துவிட்டுத் தலைவரின் துண்டுப் பிரசுரத்தால் துடைத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஓடைக்கு இறங்கி வந்து பார்த்தால், தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கல்லிடுக்கில் சோறு ஊறிப் பருத்துக் கிடந்தது.

அண்ணன் லோரியிலிருந்து கோணிகளை எடுத்துவந்தார். வாரிக் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கோணியிலிருந்து புளித்த சாறு என் முதுகில் வடிந்துகொண்டே வந்தது. வழியில் அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இனிமே நான் இவங்கள இங்க கூட்டிட்டு வர மாட்டேம்மா."

வீட்டில் என் கணவர் குப்புறப் படுத்திருந்தார். தோளில் மூங்கில் அழுத்திய இடம் வீங்கிச் சிவந்திருந்தது. எண்ணெய்ப் புட்டியை நீட்டி, "கொஞ்சம் தேய்ச்சி விடு," என்றார். எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டேன். ஆனால் அந்தத் தோளைத் தொடக் கை வரவில்லை.

"குளிச்சிட்டேன்லா," என்றார்.

"தெரியும்."

"எல்லாருக்காகவும்தானே தூக்கினேன்?"

"எல்லாருக்காகவும்னு சொல்லாதீங்க. நான் கேக்கல. அண்ணன் கேக்கல."

எண்ணெயைக் கழுவிவிட்டு வந்து கூடத்தில் பாயை விரித்துக்கொண்டேன். பல வாரம் அங்கேதான் படுத்தேன். சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இது சண்டை இல்லை. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுகூட எனக்குக் குமட்டியது.

மலையேறிய மறுநாளே படம் பத்திரிகையில் வந்திருந்தது. தொண்டர்களை முந்திக்கொண்டு தலைவர் உச்சியை அடைந்தார் என்று கீழே எழுதியிருந்தது. பேக்டரியில் என் பக்கத்து இருக்கையில் வேலை செய்த மலாய்த் தோழி, கேன்டீனில் அதை எட்டிப் பார்த்தாள். நான் போன இடம் என்று தெரிந்ததும், "சுவாமி அவாக் யாங் மானா?" என்றாள். உன் புருஷன் இதில் எவர் என்று கேட்கிறாள். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையைக் காட்டினேன். அவள் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த கரிப்பாப் பலகாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

தேர்தல் முடிந்தது. தலைவர் ஜெயித்தார். சில மாதம் கழித்துத் திடலைச் சுற்றி வேலியும் வந்தது. ஆளுயரத் தகரத்தில். உள்ளே கடைவீடுகள் கட்டப்போவதாகப் பலகை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பந்தோடு போன எங்கள் குழு தகரத்துக்கு வெளியே நின்றது.

என் கணவர் தலைவரைப் பார்க்கப் போனார். அண்ணன் வர மறுத்துவிட்டார், இவர் மட்டும்தான் போனார். காலையில் போனவர் சாயங்காலம் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னாரு?"

"எந்த டீம்னு கேட்டாரு."

"நீங்கதான் அவரத் தூக்கினவருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சாரு. அப்படியா, நல்ல பசங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆள உள்ள கூப்பிட்டாரு."

அவர் அழவில்லை. தோளைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ இன்னும் அங்கே ஒட்டியிருப்பதைப் போல. அதைப் பார்த்தபோதுதான், அந்த அருவருப்பை நான் மட்டும் சுமக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. என்னைவிட மோசமான இடத்தில் அவர் அதை வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் குறடும் சுத்தியலும் எடுத்துப் பையில் போட்டார். "வர்றியா?" என்றார். மோட்டார் சைக்கிளில் போனோம். பதாகைகள் இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மழையில் முகம் வெளுத்து, மூக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. கீழேயிருந்து ஒவ்வொரு மரமாக ஆணியைப் பிடுங்கிக்கொண்டே ஏறினார். துரு ஏறிய ஆணி லேசில் வரவில்லை. கையெல்லாம் கிழிந்தது. நான் கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதவவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் ஓடைவரைதான் முடிந்தது. மிச்சத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு அண்ணனும் லோரியோடு வந்து நின்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

குழு அதன் பிறகு அதிக நாள் ஓடவில்லை. பள்ளித் திடல்களை இரவல் வாங்கி ஒரு பருவம் ஆடினார்கள். பாதிப்பேர் வேறு குழுக்களுக்குப் போய்விட்டார்கள். கடைசி ஆட்டம் கம்போங் மேடான் பக்கம் ஒரு திடலில் நடந்தது. முதல் பாதியிலேயே ஐந்து கோல் வாங்கிவிட்டோம். வாழைத் தோலும் பிளாஸ்டிக் பையும் கிடந்த கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்காக என்று எதிர்க்குழுவின் ஆதரவாளர் ஒருவர் கேட்டார்.

"அந்த ஸ்டாப்பருக்கு," என்றேன்.

"அவருதான்க்கா எல்லா கோலையும் விட்டாரு."

"தெரியும்ங்க," என்றுவிட்டு மறுபடி கத்தினேன்.