ஓரிரு இடங்களில்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு விளக்கப் போனது என் தப்பு. கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் தகவல்களைத் திரட்டி, குப்பையைக் களைந்து, மழையைக் கணிக்கும் கணினிகளுக்கு அனுப்பும் வேலை. சென்னையில் அதற்கு டேட்டா இன்ஜினியர் என்று பெயர். நீடாமங்கலம் பக்கத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு இருப்பவளுக்குப் புரியட்டுமே என்று, "வாய்க்கால் மாதிரிம்மா. எங்கிருந்தோ வர்றத அடைபடாம கொண்டுபோய்ச் சேக்கணும்" என்றேன்.

"அப்ப நீ லஸ்கரு" என்றாள். மதகைத் திறந்து மூட அரசு வைத்திருக்கும் ஆளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்.

சொல்லப்போனால் லஸ்கர் வேலை தேவலை. கோடியக்கரைக்கு அப்பால் கடலில் ஒரு மிதவை, அலையையும் சூட்டையும் அளந்து எங்களுக்கு அனுப்புகிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் வலை வரும். வலை சிக்கினால் ஏதாவது கம்பி அறும். கடலின் சூடு என்று எங்கள் திரையில் இட்லிப் பானையின் சூடு வந்து நிற்கும். போதாக்குறைக்குப் பறவைகள் வேறு கருவிக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகும். இத்தனையையும் வடிகட்டி நாங்கள் அனுப்பினால், மேலே இருப்பவர்கள் பெரிய பெரிய கணக்கெல்லாம் போட்டு ஒரே வரி எழுதுவார்கள்: 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்பு உள்ளது.' இவ்வளவு பாதுகாப்பான வாக்கியத்தை எந்த வக்கீலும் எழுதியதில்லை. பெய்தால் அந்த ஓரிரு இடம் உங்கள் ஊர். பெய்யாவிட்டால் பக்கத்து ஊர்.

போன குறுவை அறுவடையின்போது அம்மா போன் செய்தாள். அறுப்பு மிஷின் மறுநாள் மட்டும்தான் கிடைக்கும். அறுத்தால், நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு முறை வரும்வரை வெட்டவெளியில் காத்துக்கிடக்க வேண்டும். மழை வந்தால் முளைத்துவிடும். அறுக்காவிட்டால் மிஷின் வேறு ஊருக்குப் போய்விடும், திரும்ப எப்போது வருமோ. அந்தப் போகத்து உழைப்பு மொத்தமும் அந்த நெல்தான்.

"மழை வருமா வராதா? அறுக்கவா வேணாமா?"

"ஓரிரு இடங்கள்ல வர வாய்ப்பு இருக்கும்மா. அறுபது சதவீதம்."

"நம்ம வயலு அந்த ஓரிரு இடத்துல இருக்கா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"ஏண்டி, எங்க ஊரு லஸ்கரே தண்ணி நாளைக்கு வரும், வராதுன்னு சொல்லிடுறாரு."

எனக்குச் சுருக்கென்றது. தகவலை அனுப்புவதுதான் என் பொறுப்பு, கணிப்பது வேறு பிரிவு என்று படித்தவளாக நீட்டி முழக்கினேன். அம்மா "சரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து அவள் கேட்டது நீடாமங்கலத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவரை. வாட்ஸ்அப் குழுவில் மழை சொல்வது அவருடைய உபதொழில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு "உறவுகளே" என்று ஆரம்பிப்பார். அவர் போடும் வண்ண வண்ணப் படங்களுக்கு அடியில் இருப்பது நாங்கள் வடிகட்டி அனுப்பிய எண்களும்தான். "ஒரு சொட்டு வராது, தைரியமா அறுங்க உறவுகளே" என்றாராம். அம்மா அறுத்தாள்.

நெல் போய் இறங்கிய மறுநாளே கொட்டித் தீர்த்தது. தார்ப்பாய்க்கு அடியிலும் தண்ணீர் புகுந்து, குவியலின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. ஈரம் அதிகம் என்று நிலையத்தில் எடுக்க மறுத்துவிட்டார்கள். ரீசார்ஜ் கடைக்காரர், "இயற்கைய யாரால வெல்ல முடியும் உறவுகளே" என்று ஒரு குரல் செய்தி போட்டார். எல்லோரும் பதிலுக்குக் கும்பிடு பொம்மை போட்டார்கள். அம்மாவும் போட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். போன் போட்டுக் கத்தினேன். "அந்த ஆளு தப்பாத்தானே சொன்னாரு? அவருக்குப் போய்க் கும்பிடு போடுற? நான்தான் அறுபதுன்னு சொன்னேனே!"

"அவரு தப்பா சொன்னாரு. ஆனா சொன்னாரு" என்றாள் அம்மா. "நீ என்னடி சொன்ன?"

 அறுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பாகிவிட்டால் என் பெயர் கெடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை. அது என் வயலும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"எம்மேல கோவமாம்மா?"

"ஓரிரு இடங்கள்ல இருக்கு" என்றாள். "தீவாளிக்கு நீ வர்றப்ப பரவலா இருக்க வாய்ப்பு இருக்கு."