சும்மா ஓடிய எஞ்சின்

ராமாமணியக்காவின் எஞ்சினைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இதுல என்னங்க ஓட்டறீங்க?"

"ஒண்ணும் ஓட்டறதில்லைங்க. அதுதான் ஓடுது."

கேட்டவர் விடமாட்டார். பின்பக்கம் பம்பு கிம்பு மறைத்து வைத்திருக்கிறதா என்று எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். இல்லை என்று உறுதியானதும் அக்காவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவனைக்கூட எங்கள் ஊரில் மன்னித்துவிடுவார்கள். சும்மா ஓடுகிற மெஷினை மன்னிக்க மாட்டார்கள்.

துடியலூரைத் தாண்டி எங்கள் வீதியில் அக்காவுடையது பக்கத்து வீடு. வயசுக்கு நான் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். என் அம்மா அக்கா என்றதால் நானும் அக்கா என்று பழகிவிட்டேன். பம்பு மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் பட்டறையில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. காலையில் உட்கார்ந்தால் செம்புக் கம்பியைச் சுற்றி, இடுக்கு இடுக்காக இறக்கி, காகிதம் செருகி, நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். விரல் நுனியெல்லாம் கம்பி கிழித்த கோடு. கட்டி முடித்ததைப் பக்கத்து ஷெட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது அங்கே, ஆண்கள் வேலை.

"எத்தன ஆயிரம் கட்டியிருப்பேன்னு கணக்கில்ல கண்ணு. ஒண்ணுகூட ஓடி நாம் பாத்ததில்ல" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

எஞ்சின் கிடந்தது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்த பிறகு அதன்மேல் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒற்றை சிலிண்டர், ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சக்கரம், அறுபது வருஷமாவது இருக்கும். பட்டறைத் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு, சீட்டு எடுத்த பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டார். வீட்டில் அந்தப் பணத்துக்கு வளையல் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்து நின்றது எஞ்சினை ஏற்றிய குட்டியானை லோடு வண்டி. வீட்டுக்காரர் பாலகோபால் மாமா அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வளையலு கொஞ்சம் பெருசுதான் அம்மணி. எந்தக் கையில போடுவ?"

மாமா வேலை பார்த்த பஞ்சு மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் தொழில் ஆரம்பிப்பதே அவருக்குத் தொழில். மாட்டுத்தீவனம், வாட்டர் கேன், சேமியா ஏஜென்சி. எல்லாவற்றுக்கும் பூசை போட்டுத் திறந்தார். மூடும்போது மட்டும் பூசை இல்லை.

நாலு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மண்ணெண்ணெயும் துணியுமாக எஞ்சினோடு கிடந்தார். இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றி இளக்கினார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி ரிங் வாங்கி வந்தார். கடைசியில் பச்சைப் பெயின்ட் அடித்தார். அதன்பிறகு ஞாயிறு பத்து மணி என்றால் பத்து மணி. தண்ணீர் டிரம்மைப் பார்த்து, எண்ணெய்க் குப்பிகளை நிரப்பி, லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுவார். வேகம் பிடித்ததும் லிவரைத் தட்டிவிட்டால் ஒரு டொப். அப்புறம் நிதானமாக டொப், டொப், டொப். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்தக் கைகள் வேலையில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

பத்தாவதில் கணக்கு என்னைக் கவிழ்த்த பிறகு எனக்கு நேரம் நிறைய இருந்தது. ஒரு ஞாயிறு புகைக்குழாயில் உருளைக்கிழங்கைச் செருகி வைத்தேன். எஞ்சின் பிடித்ததும் அது பறந்து எதிர்வீட்டு மாரியாத்தாள் ஓட்டின்மேல் போய் விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவ வேகவெச்சுக் குடு கண்ணு, பசிக்குது" என்றார்.

அப்படிச் சொல்கிறவரிடம் இன்னொன்று செய்து பார்க்கத் தோன்றாதா? அக்காவின் பெயின்ட் டின்னையே எடுத்து, ஒரு தகரத்தில் எழுதினேன்: 'மிளகாய், மல்லி, ராகி அரைத்துத் தரப்படும். ஞாயிறு மட்டும்.' காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து மாவு மில் மூடி இரண்டு மாசம் ஆகியிருந்தது. அது என் நினைவில் இல்லை.

எஞ்சின் சத்தம் கேட்டதும் ஏழு பேர் டின்னோடு வந்துவிட்டார்கள். முதல் ஆள் மாரியாத்தாள்.

"ஏம்புள்ள ராமாமணி, மொதல்ல என்றத அரைச்சுக் குடு. ஊட்டுல ஒரு சிட்டிகை பொடியில்ல."

"அரைக்கறதுக்கு மெஷினு ஏதுங்க? இது சும்மா ஓடுதுங்க."

"ஓடறது ஓடுது. அதுல ரெண்டு மொளகாயப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

நான் சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்து விழப் பார்த்தேன். அக்காவும் போர்டைப் படித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காத ஆள் ஒருவர்தான். பாலகோபால் மாமா வாசற்படியில் நின்று டின்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, மூடிக் கிடந்த மாவு மில்லின் அரைக்கிற மெஷின் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியது. எஞ்சின் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே பெல்ட் ஏறியது.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அரை மணி நேரம் பெல்ட்டக் கழட்டி உட்ருங்க. மத்தபடி உங்க இஷ்டம்" என்றார் அக்கா. அதற்கு முன் அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் கேட்டதில்லை.

"அதுக்கென்ன அம்மணி, உன்ற எஞ்சின்தான?"

ஆனால் சனம் கூடுவதே ஞாயிற்றுக்கிழமை. "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கோ" என்றார் மாமா. அடுத்த வாரமும் இந்த வாரமாகவே இருந்தது. ஒரு வருஷம் பெல்ட் இறங்கவில்லை. அக்கா பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு வந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷின் வாயில் மிளகாய் தள்ளினார். கம்பி கிழித்த விரலில் மிளகாய்த்தூள் பட்டால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அரைக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

மாமாவின் தொழில்களில் மூடாத தொழில் இதுதான். ஓயாமல் ஓடி எஞ்சினில் ஒரு தட்டல் சத்தம் வர ஆரம்பித்தது. பேரிங் போய்விட்டது, இனி செலவு பண்ணுவது வீண் என்றார் மெக்கானிக். மாமா மூணு பேஸ் கரண்டுக்கு எழுதிப்போட்டார். ஒரு சனிக்கிழமை புது மோட்டார் வந்தது. எஞ்சினை எடைக்குப் போடப் பேசி, மறுநாள் பதினொரு மணிக்கு இரும்புக்கடை வண்டியை வரச் சொல்லிவிட்டு, மாமா ஞாயிறு காலையில் ஒயர் வாங்கப் போயிருந்தார்.

அக்கா பத்து மணிக்குப் பெல்ட்டைக் கழற்றினார். யாரையும் கேட்கவில்லை.

அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். விடிந்ததுமே இன்னொரு தகரத்தில் 'இன்று மில் விடுமுறை' என்று எழுதி கேட்டில் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன். உள்ளே லிவர் விழுந்தது. தட்டலோடுதான், ஆனாலும் பிடித்துக்கொண்டது. டொப், டொப். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் மல்லாத்திப் போட்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, இடுப்பில் டின்னோடு மாரியாத்தாள் வந்துவிட்டார்.

"போர்டப் பாக்கலீங்களா? இன்னைக்கு லீவுங்க."

"என்ன லீவு? சத்தங் கேக்குதில்ல? நகுரு சாமி."

"அது சும்மா ஓடுதுங்க!"

"சும்மா எவனாச்சும் ஓட்டுவானா?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். "ராமாமணி, சித்த ராகிதான், இத மட்டும் தள்ளி உட்ரு."

அக்கா எழுந்து டீசலை அடைத்தார். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி, மெதுவாகி, ஒருதடவை பின்னோக்கி ஆடி நின்றது.

"நாளைக்கு வாங்க. புது மோட்டாரு."

வண்டி வந்து எஞ்சினை ஏற்றிப் போன பிறகு கேட்டுக்கு வந்து என் தகரத்தைக் கழற்றினார். பெயின்ட் காயவில்லை. அவர் விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"போன வருசத்துப் போர்டும் இதே பச்சதான்" என்றார்.

 

"தெரியுமாக்கா?"

"என்ற டின்னு காணாமப் போனது எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே ரெண்டு அறை உட்ருக்கலாமுங்களே."

"அன்னைக்கு நானுந்தான கண்ணு சிரிச்சேன்."

விரலைச் சுவரில் துடைத்தார். "டின்னுல மிச்சம் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குதுங்க்கா."

"எடுத்துட்டு வா. அரைக்கற மெஷின் மூடி துருப்புடிச்சுக் கெடக்குது. அடிச்சு வெக்கச் சொன்னாரு உங்க மாமா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். மேலே படிந்திருந்த ஆடையைக் குச்சியால் நீக்கிக் கொடுத்தேன். மூடிக்குச் சரியாக இருந்தது.